பதினோராம் கேள்வி

"இணையம் உங்கள் வாழ்க்கையை
மேம்படுத்தியதா, கெடுத்ததா,
மாற்றமில்லையா, தெரியாதா?"
நான்கு கட்டம். ஒரே ஒரு டிக்.
வீட்டுக்கு அறுபது சோம் எனக்குக் கூலி.

அத்-பாஷியில் மார்ச்சிலும் பேனா உறைந்துபோகும்.
அக்குளில் செருகிக்கொண்டுதான்
கதவைத் தட்டுகிறேன்.

லாரி ஓட்டும் ஜூமாகதிர்
கேள்வி முடியுமுன்னே "கெடுத்தது" என்றார்.
"எதிரில் உட்கார்ந்து சூப் குடிக்கிறான் மச்சினன்.
வாய் கிண்ணத்தில், கண் கைக்குள்ளே."
சொன்ன கையோடு தன் போனைத் திருப்பினார்,
தோருகார்ட் கணவாயைத் திறந்தார்களா என்று பார்க்க.
ஓட்டுநர் குழுவில் நூற்று நாற்பது புதுச்செய்தி.
பாதிக்குமேல் காலை வணக்கம், ரோஜாப்பூ.
"இது வேற" என்றார்.
இரண்டாம் கட்டத்தில் குத்தினேன்.

சைராகுல் பூட்ஸ் விற்கிறாள்.
இரவு பத்து மணிக்கு நேரலை.
ஒற்றை பூட்ஸைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு
உள்ளே கம்பளி, வெளியே தோல், அளவு முப்பத்தெட்டு என்பாள்
முகம் தெரியாத நானூறு பேரிடம்.
வீட்டுப் பெண் இப்படி ஊருக்கு முகம் காட்டலாமா என்று
குமுறும் அவள் கணவன்தான்
விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.
அவனுக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று.
ஒரே வீடு என்பதால் அறுபதுதான்.

மீரிம் வாசலிலேயே பேசினாள், தாழ்ந்த குரலில்.
மாமியார் வீட்டுக் குழுவில் எழுபத்தோரு பேர்.
ஒருநாள் பொறுக்க முடியாமல் வெளியேறியிருக்கிறாள்.
"மீரிம் வெளியேறினார்" என்று
சாம்பல் எழுத்தில் அது அங்கேயே நின்றது.
கல்யாணப் பந்தியில் தட்டை வீசியிருந்தாலும்
இவ்வளவு பேச்சு வந்திருக்காது.
மூன்றாம் நாள் யாரோ திரும்பச் சேர்த்தார்கள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
"தெரியாதுன்னு போடு, அக்கா."

எசென்கான் தேநீர் ஊற்றினார்.
ஒரு குதிரை விற்ற காசில் தம்பியோடு முறிந்து
ஆறு வருஷம்.
தம்பி யெகாதெரின்பர்க்கில் கட்டடவேலை.
எழுதுவதில்லை, அழைப்பதில்லை.
பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால்
ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்துவிட்டான்,
அவ்வளவு போதும்.
"அவனும் பார்ப்பான் இல்லையா?
அதனால் தூங்கும்வரை நானும் அணைப்பதில்லை."
கட்டங்களை வாசித்துக் காட்டினேன்.
நெடுநேரம் யோசித்து
"மாற்றமில்லை" என்றார்.

அவர் பேத்தி ஆகிலாய்க்குப் பதினொன்று.
கணக்கில் வராத வயது.
"இதெல்லாம் ஒரு கேள்வியா?
கதவு நல்லதா கெட்டதான்னு கேப்பீங்களா?"
அதற்குத் தாளில் இடமில்லை.

மதியம் காற்று தூக்கியடித்ததில்
கோபுரம் படுத்துவிட்டது.
தாள்களைப் படமெடுத்து
ஐந்துக்குள் பிஷ்கெக்குக்கு அனுப்பியாக வேண்டும்.
இடுகாட்டு மேட்டில்தான்
பக்கத்து ஊர்ச் சிக்னல் ஒரு கோடு கிடைக்கும் என்றார்கள்.
மூச்சு வாங்க ஏறினேன்.

மேலே ஊரே நின்றது.

மண் கல்லறைகளுக்கு நடுவே
கையை உயர்த்திக்கொண்டு
கணவாயைத் திட்டிக்கொண்டிருந்தார் ஜூமாகதிர்.
முழங்கால் பனியில் ஒரு ஜோடி பூட்ஸோடு சைராகுல்,
கணவன் கையில் விளக்கு, பட்டப்பகலில்.
முதுகைத் திருப்பிக்கொண்டு மீரிம்
எதையோ பார்த்துத் தனியே சிரித்தாள்.
எசென்கான் யாரோ ஒருவரின் கல்லில் சாய்ந்து
கண்ணாடியைத் துடைப்பதும் போடுவதுமாக இருந்தார்.
சாயங்காலம்தான் அங்கே ஷிப்ட் முடியும்.
இருந்தாலும் வந்திருந்தார்.

யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.
நான் மட்டும் எல்லாரையும் பார்த்தேன்,
பதில் தெரிந்தவள் ஆயிற்றே.
பிறகு நானும் கையை உயர்த்தினேன்.

ஒவ்வொரு தாளாக நகர்ந்தது, நத்தைபோல.
கடைசித் தாள் போய்ச் சேர்ந்ததும்
மேலதிகாரியிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.
என்ன பதில் போடுவதென்று தெரியவில்லை.
விரல் மரத்திருந்தது.

ஒரு ரோஜாப்பூ அனுப்பினேன்.